கல்லூரிக்கு முன்னால் பட்டறை



பொறியியலில் எந்தப் பிரிவைப் படிப்பது, படித்துவிட்டு எந்தப் பக்கம் போவது என்று, பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கப்போகும் உங்களிடமும் உங்கள் பெற்றோரிடமும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் திரையில் ஒரு பட்டியலைப் போடுவார்கள். இந்தப் பிரிவுக்கு இத்தனை லட்சம் சம்பளம், அந்தப் பிரிவுக்கு எதிர்காலம் இல்லை என்பார்கள். அடுத்த வருஷம் வேறொருவர் வந்து அந்தப் பட்டியலைத் தலைகீழாகப் போடுவார். நான் பட்டியல் எதுவும் கொண்டுவரவில்லை. நம் ஊர்க் கதையிலிருந்து ஒரே ஒரு சங்கதியை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். கோயமுத்தூரில் பட்டறை முதலில் வந்தது, கல்லூரி பிறகு வந்தது.

1888-ல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கியது. 1932-ல் பைக்காரா நீர்மின்சாரம் மலையிலிருந்து இறங்கியது. மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. மில் இருந்தால் இயந்திரம் பழுதாகும், பழுது பார்க்க லேத் பட்டறை வேண்டும், உதிரிப்பாகம் வார்க்க பவுண்டரி வேண்டும். இன்னொரு பக்கம் நம் மண்ணில் மழை குறைவு, கிணறு ஆழம். மாடு கட்டிக் கவலை இறைத்துக் கட்டுப்படியாகாத நிலையில் பம்பு வேண்டும், பம்பை ஓட்ட மோட்டார் வேண்டும். 1937-ல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து செய்த மோட்டாரைத்தான் இந்தியாவிலேயே உருவான முதல் மின்மோட்டார் என்று சொல்கிறார்கள். அப்போது இந்த ஊரில் ஒரு பொறியியல் கல்லூரிகூடக் கிடையாது.

ஜி.டி.நாயுடு கலங்கலில் 1893-ல் பிறந்தவர். பள்ளிக்கூடத்தோடு அவருக்கு ஒத்துவரவில்லை. ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மனம் பறிகொடுத்து, கோயமுத்தூரில் ஓட்டல் வேலை செய்து காசு சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கிவிட்டார். வாங்கியவுடன் செய்த காரியம் அதை முழுக்கப் பிரித்துப் போட்டு மறுபடி மாட்டியது. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ்ஸை விட்டுத் தொழில் தொடங்கினார். அப்படிப்பட்டவர்தான் 1945-ல், சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் இங்கே பொறியியல் கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்தார். இன்றைக்குத் தடாகம் சாலையில் இருக்கும் அரசு தொழில்நுட்பக் கல்லூரி, நாம் ஜி.சி.டி. என்கிறோமே, அதன் வேர் அது.

அங்கே முதல்வராக உட்கார்ந்த நாயுடு கொஞ்ச நாளில் அரசாங்கத்தோடு முட்டிக்கொண்டார். நாலு வருஷப் படிப்பு காலவிரயம், இரண்டு வருஷம் போதும் என்றார். அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். நாலு வருஷமா இரண்டு வருஷமா என்பதில் நான் அவர் கட்சி இல்லை. பல ஆண்டுகள் இயந்திரவியல் நடத்தியவன் என்கிற முறையில், கணக்கும் வெப்பவியலும் மெதுவாகத்தான் மண்டைக்குள் இறங்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவருடைய கோபம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. கையால் தொட்டுப் பார்த்த பிறகு புத்தகத்தைத் திறந்தவர் அவர். நாலு வருஷம் புத்தகம் படித்துவிட்டுப் பிறகு பொருளைப் பார்க்கப்போகிற பையனை அவரால் சகிக்க முடியவில்லை.

மற்ற கல்லூரிகளின் கதையும் அதே திசைதான். பீளமேட்டில் பி.எஸ்.ஜி. குடும்பத்தார் அறநிலையம் தொடங்கியது 1926-ல். அதோடு தொழிற்கூடமும் வந்தது. பம்பும் மோட்டாரும் செய்துகொண்டிருந்த அந்தத் தொழிற்கூடத்தின் பக்கத்திலேயே 1951-ல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. அங்கே சாண்ட்விச் படிப்பு என்று ஒன்று உண்டு. 5 வருஷம், பாடமும் தொழிற்கூட வேலையும் மாறி மாறி வரும். அந்தப் பெயரைக் கேட்டு இப்போதைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள், ஒரு வருஷம் கூடப் போகிறதே என்று பெற்றோர் தயங்குகிறார்கள். என்னைக் கேட்டால் இந்த ஊரில் உள்ள நல்ல ஏற்பாடுகளில் அதுவும் ஒன்று. 1956-ல் சி.ஐ.டி. என்கிற கோயமுத்தூர் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது, அதே ஆண்டில் நெசவாலை ஆராய்ச்சிக்கு சிட்ரா வந்தது.

இப்போது வரிசை மாறிவிட்டது. லேத்தை ஒருமுறையும் பார்க்காத பையன் மெக்கானிக்கல் எடுக்கிறான். பத்து வரி புரோகிராம் எழுதிப் பார்க்காத பெண் செயற்கை நுண்ணறிவு எடுக்கிறாள். இரண்டு பேருமே கெட்டிக்காரப் பிள்ளைகள். பார்க்காததை எப்படித் தேர்ந்தெடுப்பது? அதனால் பக்கத்து வீட்டு அண்ணன் என்ன எடுத்தானோ அதை எடுக்கிறார்கள். "ஏனுங்க சார், இப்ப எதுங்க ஓடிட்டிருக்குது? அதுலயே சேத்திப்போடலாமுங்க" என்று அப்பாமார்கள் என்னிடம் கேட்கிறார்கள். தக்காளிக்கு விலை ஏறியிருக்கிறது என்று ஊரே தக்காளி போட்டால் என்ன நடக்கும் என்று தொண்டாமுத்தூர்க்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தக்காளியாவது சில மாதத்தில் தெரிந்துவிடும். இந்த வெள்ளாமை கைக்கு வர நாலு வருஷம்.

எது ஓடுகிறது என்பதைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். 1990-களின் கடைசியில் கம்ப்யூட்டர் என்ற சொல் இருந்தால் போதும், சேர்ந்துவிடு என்றார்கள். 2001-ல் அமெரிக்காவில் இணைய நிறுவனங்கள் சரிந்தன. கையில் பட்டத்தோடு நின்ற பிள்ளைகளுக்கு வேலை உத்தரவு தள்ளித் தள்ளிப் போனது. மறுபடி ஏறியது. 2008-ல் மறுபடி இறங்கியது. பிறகு மெக்கானிக்கலுக்கும் சிவிலுக்கும் அடிதடி நடந்த வருஷங்கள் உண்டு. கல்லூரிகள் மெக்கானிக்கலில் பிரிவுக்கு மேல் பிரிவு திறந்தன. இப்போது அதே கல்லூரிகள் அந்த இடங்களைக் குறைத்துக்கொண்டு கணினி இடங்களைக் கூட்டுகின்றன. 2024-25 கல்வியாண்டிலிருந்து ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. தளர்த்தியது வேறு அவர்களுக்கு வசதியாகிவிட்டது. இன்றைக்குச் சேர்கிற கூட்டம் மொத்தமும் ஒரே வருஷத்தில் வெளியே வரும். அந்த வருஷம் சந்தை எப்படி இருக்கும் என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். நான் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

கணினிப் படிப்பு வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் வீட்டில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். பிடித்தால் தாராளமாகப் படியுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி., செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும், சைபர் செக்யூரிட்டி என்று விதவிதமாகப் பலகை மாட்டியிருக்கிறார்கள். பாடத்திட்டத்தை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் இரண்டு வருஷத்தில் பெரும்பகுதி ஒன்றுதான். புதுப் பெயர் கொண்ட பிரிவில் சேர்வதற்காக நல்ல கல்லூரியை விட்டுவிட்டு, பெயர் தெரியாத கல்லூரிக்கு ஓட வேண்டிய தேவை இல்லை.

சரி, பிரிவுகளை எப்படித்தான் பார்ப்பது? நமக்கு வாசலிலேயே ஒரு பாடப்புத்தகம் ஓடுகிறது. நொய்யல்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து நம் பக்கமாக இறங்கி வருகிறது. சித்திரைச்சாவடி அணைக்கட்டில் தண்ணீரை மடக்கி வாய்க்காலில் திருப்பி, குளம் குளமாக நிரப்பிக்கொண்டே கோயமுத்தூர் வரை கொண்டுபோனார்கள் நம் முன்னோர். கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் எல்லாம் அந்தச் சங்கிலியில் உள்ள கண்ணிகள். வெள்ளம் வந்தால் அணைமேல் வழிந்து போகும், தண்ணீர் குறைந்தால் வாய்க்காலுக்குப் போகும். சிவில் என்றால் அடுக்குமாடி வீடு கட்டுவது என்று நினைக்கிற பிள்ளை ஒரு நாள் சித்திரைச்சாவடிக்குப் போய், தண்ணீர் எந்த மட்டத்தில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துவிட்டு வரட்டும். அங்கே நின்றுகொண்டு, 'இந்த வாட்டத்தை எப்படிக் கணக்குப் போட்டார்கள்' என்ற கேள்வி மனதில் எழுந்தால் அவனுக்கு சிவில் பொருந்தும். செல்போனை எடுத்துப் படம் பிடித்துவிட்டுத் திரும்பினால், பரவாயில்லை, வேறு பிரிவு பார்க்கலாம்.

ஆற்றை விட்டுக் கொஞ்சம் தள்ளித் தோட்டத்துக்கு வாருங்கள். போர் மோட்டார் புகைந்துவிட்டது என்று வைண்டிங் கடைக்குத் தூக்கிப்போகாத வீடு இங்கே இருக்கிறதா? மோட்டார் ஏன் புகைகிறது? வோல்டேஜ் இறங்கினால் அதே வேலையைச் செய்ய மோட்டார் அதிகக் கரண்டை இழுக்கும், காயில் சூடாகும், மேலே பூசிய காப்பு கருகும். தண்ணீர் இறங்கிப்போய் மோட்டார் வெறுமனே ஓடினாலும் கேடுதான். இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் எலக்ட்ரிகல் படிப்பின் பாதியை எட்டிவிடலாம். பம்பின் உள்ளே சுழலும் இம்பெல்லரின் வளைவு எப்படி இருந்தால் அதே மின்சாரத்தில் கூடுதல் தண்ணீர் ஏறும் என்பது மெக்கானிக்கல். அந்த இம்பெல்லரை வார்க்கும்போது உள்ளே காற்றுக்குமிழி விழாமல் பார்ப்பது உலோகவியல். இத்தனை பவுண்டரி இருக்கிற ஊரில் உலோகவியல் என்றொரு பட்டப்படிப்பு இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. பெயரைச் சொன்னால், "அதுக்கெல்லாம் வேலை கிடைக்குமுங்களா?" என்கிறார்கள். கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் குறிச்சி சிட்கோவிலும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து கேளுங்கள்.

ஆறு கோயமுத்தூரைத் தாண்டித் திருப்பூருக்குப் போகிறது. அங்கே அதற்கு நேர்ந்ததை எல்லோரும் அறிவோம். பாசனத்துக்கென்று 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவைத் தேக்கிவைக்கிற குட்டையாகிவிட்டது. தண்ணீரைத் திறந்துவிடுங்கள் என்று கேட்க வேண்டிய விவசாயிகள், திறக்காதீர்கள் என்று கேட்டார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் சுத்திகரிப்பவர்கள்தான் ஓட்டலாம் என்றது. அதற்குப் பிறகு அங்கே நடந்தது முழுக்க முழுக்கப் பொறியியல். கழிவுநீரை நுண்ணுயிர் கொண்டு சுத்தம் செய்து, சவ்வு வழியாக அழுத்தி நல்ல தண்ணீரைப் பிரித்து, மிஞ்சுவதை ஆவியாக்கி, கடைசியில் உப்பாக எடுக்கிறார்கள். இதற்கு ஆகிற மின்சாரமும் விறகும் கொஞ்சநஞ்சம் இல்லை. மிஞ்சுகிற கலப்பு உப்பை என்ன செய்வது என்பது இன்னும் தலைவலி. கெமிக்கல் இன்ஜினியரிங், டெக்ஸ்டைல் வேதியியல், சுற்றுச்சூழல் பொறியியல் படித்தவர்களுக்கு அங்கே தீர்க்காத கணக்கு குவிந்து கிடக்கிறது. உப்பே இல்லாமல், அல்லது மிகக் குறைந்த உப்பில், பருத்திக்குச் சாயம் ஏற்றும் வழியைச் செலவு கட்டுப்படியாகும்படி கொண்டுவருகிறவர் திருப்பூரையே மாற்றிவிடுவார். அந்தப் பிள்ளை இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கக் கூடாதா?

யானையைப் பற்றிப் பேசாமல் தொண்டாமுத்தூரில் ஒரு கூட்டம் முடியுமா? 2021 நவம்பரில் நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. 2024 பிப்ரவரியில் மதுக்கரை வனச்சரகத்தில் ரயில் பாதையோரம் கோபுரங்கள் அமைத்து, இரவிலும் உடல் வெப்பத்தைக் காணும் கேமராக்கள் வைத்து, யானை வந்தால் கணினியே அடையாளம் கண்டு ரயில் ஓட்டுநருக்குத் தகவல் போகும் ஏற்பாட்டைத் தமிழக அரசு தொடங்கியது. செலவு ஏழு கோடி ரூபாய்க்கு மேல். செயற்கை நுண்ணறிவு படிக்க விரும்பும் பிள்ளைகள் அதைப் போய்ப் பார்க்க வேண்டும். மென்பொருள் மட்டும் அங்கே எதையும் காப்பாற்றவில்லை. கோபுரம் காற்றில் ஆடக் கூடாது. கேமராவுக்கு மின்சாரம் தடைபடக் கூடாது. தகவல் ஓட்டுநரிடம் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், ரயில் நிற்கிற தூரத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, யானை எந்த வழியில் எப்போது வரும் என்று தெரிந்த வனத்துறைக்காரர் கூட இருக்க வேண்டும். கணினி படித்தவருக்கு இன்னொரு துறையும் தெரிந்திருந்தால் அவருடைய மதிப்பே தனி. இதற்கு இப்போது கல்லூரியிலேயே வழி இருக்கிறது. மெக்கானிக்கலோ சிவிலோ படித்துக்கொண்டே, கூடுதலாக 18 கிரெடிட் வேறு துறையில் எடுத்தால் மைனர் பட்டம் தருகிறார்கள். இது எல்லாக் கல்லூரியிலும் உண்மையாக நடக்கிறதா, இல்லை ஏட்டோடு சரியா என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

விவசாயக் குடும்பங்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன், இதில் குழப்பம் நிறைய. பி.எஸ்ஸி. விவசாயம் வேறு, வேளாண் பொறியியல் வேறு. முன்னது பயிர், மண், பூச்சி. பின்னது பாசனம், பண்ணைக் கருவி, அறுவடைக்குப் பின் பதப்படுத்துவது. வேளாண் பொறியியலிலும் இரண்டு வாசல் உண்டு. நம் வேளாண் பல்கலைக்கழகத்தின் பி.டெக். படிப்புக்கு அவர்களே தனியாகச் சேர்க்கை நடத்துகிறார்கள். மற்றப் பொறியியல் கல்லூரிகளில் உள்ள வேளாண் பொறியியலுக்குப் பொறியியல் கலந்தாய்வு. ஒரு விண்ணப்பம் போட்டால் இரண்டுக்கும் ஆகும் என்று நினைத்து ஏமாந்த பிள்ளைகளை வருஷா வருஷம் பார்க்கிறேன். தென்னை ஏற ஆள் கிடைக்கவில்லை, பாக்கு உரிக்க ஆள் கிடைக்கவில்லை என்று நீங்கள் புலம்புவது எல்லாமே அந்தத் துறைக்காரர்களுக்கு வேலைதான்.

இப்போது கலந்தாய்வுக்கு வருவோம். முன்பெல்லாம் குடும்பத்தோடு சென்னைக்கு ரயிலேறிப் போய் அண்ணா பல்கலைக்கழகத்தில் திரைக்கு முன்னால் உட்கார வேண்டும். 2018 முதல் எல்லாம் இணைய வழி. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப். அதை வைத்து ரேங்க். உங்கள் சுற்று வரும்போது கல்லூரியையும் பிரிவையும் சேர்த்து விருப்பப் பட்டியல் கொடுக்க வேண்டும். இங்கேதான் மார்க் நிறைய எடுத்த பிள்ளைகளும் சறுக்குகிறார்கள். 'இது எனக்குக் கிடைக்காது, எதற்கு வீணாக' என்று ஆசைப்பட்ட இடத்தைக் கீழே போட்டுவிட்டு, கிடைக்கும் என்று தோன்றுவதை மேலே வைக்கிறார்கள். கணினி என்ன செய்யும்? உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, உங்கள் ரேங்குக்கு எந்த இடம் முதலில் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். கிடைக்காத இடத்தை முதலில் வைத்ததால் ஒரு நட்டமும் இல்லை, அடுத்ததற்குப் போய்விடும். கிடைக்கிற சுமாரான இடத்தை முதலில் வைத்தால், அதற்குக் கீழே உள்ள நல்ல இடத்தை அது எட்டியே பார்க்காது. ஆகவே பட்டியல் ஆசையின் வரிசையில் இருக்கட்டும். எத்தனை வேண்டுமானாலும் போடலாம் என்பதால் நீளமாகவும் இருக்கட்டும். பட்டியலைப் போடுவது பிள்ளையின் கையால் நடக்கட்டும். பிரவுசிங் சென்டர்காரரிடமோ, உதவி செய்கிறேன் என்று வரும் கல்லூரி ஆளிடமோ கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் கொடுத்துவிட்டு டீக் குடிக்கப் போகாதீர்கள்.

பிரிவு முக்கியமா, கல்லூரி முக்கியமா என்று எப்போதும் ஒரு கேள்வி வரும். பிரிவில் மனம் உறுதியாக இருக்கிற பிள்ளைக்குப் பிரிவு. இரண்டு மூன்றில் எதுவானாலும் சரி என்கிற பிள்ளைக்குக் கல்லூரி. இதற்கு மேல் பொதுவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் கல்லூரியை எடைபோடும்போது பஸ் ஸ்டாப்பில் இருக்கும் பேனரைப் பார்க்காதீர்கள். அதில் போட்டிருக்கும் பெரிய சம்பளம் ஒரே ஒரு பிள்ளை வாங்கியது. வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கிறவர் வாங்குவது எவ்வளவு என்று கேளுங்கள். என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் அந்தக் கணக்கை மத்திய அரசுக்குக் கொடுத்தாக வேண்டும். அது பொதுவில் பார்க்கக் கிடைக்கிறது. நாக் தரச்சான்று கல்லூரி முழுவதற்குமானது, என்.பி.ஏ. சான்று ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி. நாக்கில் மேல் தரம் வாங்கிய கல்லூரியில் நீங்கள் சேரும் பிரிவுக்கு என்.பி.ஏ. இல்லாமலும் இருக்கலாம். எல்லாவற்றையும் விட, ஒரு வேலைநாளில் போய்ப் பணிமனையையும் ஆய்வகத்தையும் பாருங்கள். இயந்திரங்கள் பளபளவென்று தூசி இல்லாமல் நின்றால் சந்தேகப்படுங்கள். எண்ணெய் சிந்தி, இரும்புத்தூள் கிடந்தால் அங்கே பிள்ளைகள் வேலை செய்கிறார்கள் என்று அர்த்தம்.

6-ஆம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளே, 2021 முதல் பொறியியலில் உங்களுக்கு 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், பேருந்துக் கட்டணம் அரசே கட்டுகிறது. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்குத் தனிச் சலுகை. சான்றிதழ்களை ரிசல்ட் வருவதற்கு முன்பே வாங்கி வையுங்கள். கடைசி நாளில் தாலுகா ஆபீஸில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்.

மார்க் குறைந்துவிட்டது, நினைத்த பிரிவு கிடைக்கவில்லை என்றால் உலகம் முடிந்துவிட்டதாக ஒரு வாரம் வீட்டில் அடுப்பு மூட்டாமல் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு மனிதரைச் சொல்கிறேன். 2023 ஆகஸ்ட் 23-ல் நிலவில் இறங்கிய சந்திரயான்-3-ன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். முதலில் படித்தது பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ. பிறகு சென்னைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பி.இ., அதற்குப் பிறகு திருச்சியில் மேற்படிப்பு. அடுத்து அவர் வந்து வேலை பார்த்த இடம் நம் ஊர், லட்சுமி மெஷின் ஒர்க்ஸ். நூற்பாலை இயந்திரம் செய்கிற கம்பெனி. அங்கிருந்து இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ், அங்கிருந்து இஸ்ரோ. முனைவர் பட்டம் வேலையில் சேர்ந்த பிறகு. சந்திரயான்-1-ன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடிக்காரர், தமிழ் வழியில் படித்தவர், ஜி.சி.டி.யில் பி.இ., பி.எஸ்.ஜி.யில் எம்.இ., 1982-ல் இஸ்ரோ. அப்துல் கலாம் முதலில் படித்தது திருச்சியில் இயற்பியல். இஸ்ரோ தலைவராக இருந்த சிவன் முதலில் படித்தது நாகர்கோவிலில் கணிதம். இருவரும் அதற்குப் பிறகுதான் குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்குப் போய் விமானப் பொறியியல் படித்தார்கள். டிப்ளமோ முடித்தவர்கள் இன்றைக்கும் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம், அதற்குத் தனிக் கலந்தாய்வு நடக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்துக் கைவேலையில் நாட்டமுள்ள பையனுக்குப் பாலிடெக்னிக் வழி தாழ்ந்த வழி என்று யாராவது சொன்னால், அவருக்கு வீரமுத்துவேல் பெயரைச் சொல்லுங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றி. "பொட்டப்புள்ளைக்கு மெக்கானிக்கல் எதுக்குங்க, ஏ.சி. ரூமுல உக்காந்து பாக்கற வேலையாப் பாருங்க" என்கிற பேச்சு இங்கே இன்னும் நிற்கவில்லை. கிண்டிப் பொறியியல் கல்லூரியில் லலிதா என்ற பெண் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் முடித்தது 1943-ல். பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர், கையில் குழந்தை. அவர் அப்பா அங்கே பேராசிரியர். அவர்தான் இடம் வாங்கிக் கொடுத்தார். பட்டச் சான்றிதழில் ஆணுக்குரிய சொல்தான் அச்சாகியிருந்ததாம், அதை அடித்துவிட்டுக் கையால் திருத்திக் கொடுத்திருக்கிறார்கள். எண்பது வருஷம் ஆகிவிட்டது. நாம் இன்னும் ஏ.சி. ரூமைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கடைசியாக, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தொழில்முனைவோரிடம் கொஞ்சம் உரிமையோடு பேச வேண்டும். நல்ல பையன் கிடைப்பதில்லை, எல்லோரும் ஐ.டி.க்கு ஓடுகிறார்கள் என்று நீங்கள் குறைப்படுகிறீர்கள். பட்டம் முடித்து வருகிறவனுக்கு என்ன சம்பளம் தருகிறீர்கள் என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. வெக்கையிலும் சத்தத்திலும் நிற்கிறவனுக்கு விளாங்குறிச்சிப் பக்கம் கணினி முன்னால் உட்கார்கிறவனை விடக் குறைவாகக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளுக்குத் தொழில் பக்தி இல்லை என்று சொல்வது நியாயம் இல்லை. பிள்ளைகள் கணக்குத் தெரிந்தவர்கள். சம்பளத்தை ஒரே நாளில் உயர்த்த முடியாது என்றால், வேலை கற்றுக்கொள்கிற வாய்ப்பையாவது வெளிப்படையாக வையுங்கள்: முதல் வருஷம் என்ன கற்பான், மூன்றாம் வருஷம் எங்கே இருப்பான் என்று எழுத்தில் கொடுங்கள்.

இன்னொன்றும் உங்களால் முடியும், அதற்குக் காசு ஆகாது. பிளஸ் டூ தேர்வு முடிவதற்கும் விருப்பப் பட்டியல் போடுவதற்கும் இடையே பிள்ளைகளுக்கு மூன்று மாதம் கிடைக்கிறது. அந்த நாட்களில் உங்கள் பட்டறை, பவுண்டரி, மில், மென்பொருள் அலுவலகம் எதுவானாலும், இந்தப் பள்ளியிலிருந்து நாலைந்து பிள்ளைகளை இரண்டு மூன்று நாள் வந்து பார்க்க விடுங்கள். பதினெட்டு நிரம்பாத பிள்ளைகள், ஆகவே இயந்திரத்தில் கைவைக்க விட வேண்டாம். கூட ஒரு ஆசிரியர் வரட்டும், காலில் ஷூ இருக்கட்டும், பெண் பிள்ளைகள் பின்னலைச் சுருட்டிக் கட்டிக்கொள்ளட்டும். உங்கள் மூத்த தொழிலாளி ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி, பிள்ளைகள் கேட்பதற்குப் பதில் சொல்லச் சொல்லுங்கள். சம்மதம் உள்ளவர்கள் இன்றே வெளியே போகும் முன் தலைமையாசிரியரிடம் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.